அப்பாவின் பஸ் நின்ற இடங்கள்

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: மே மாதம் பேரப்பிள்ளைகளோடு வேனில் கொடைக்கானல் போகிறோம், என்னென்ன பார்க்கலாம் என்று. ஆளுக்கொன்றாகச் சொன்னீர்கள். ஏரி, தூண் பாறை, பூங்கா, வீட்டிலேயே சாக்லேட் செய்து விற்கும் கடை. நான் எழுதியது வேறு. திண்டிவனத்தில் கிளம்பும்போதே எல்லோரும் போய்விட்டு வண்டி ஏறுங்கள். விழுப்புரம் தாண்டி இடது பக்கம் வரும் பெட்ரோல் பங்கில் தண்ணீர் வருகிறது, பெண்கள் பக்கத்துக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, ஒருவர் வெளியே நில்லுங்கள். உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் புளியமரத்தடிச் சாப்பாட்டுக் கடையில் கேட்டால் சாவி கொடுப்பார்கள், முகம் சுளித்தால் ஒரு டீ வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுங்கள்.

"கொடைக்கானல்ல இன்னா பாக்கலாம்னு கேட்டா, வழி நெடுக கக்கூஸ் காட்டறியேடி" என்று ஒருத்தி எழுதினாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் ஒரு சிரிப்பு முகம் போட்டேன்.

உங்களில் பலருக்கு என் அக்காவை நினைவிருக்கும். நமக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள், பிரார்த்தனைக் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்று பாடியவள். நாம் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பாவின் டூர் பஸ்ஸில் எங்களோடு வந்தாள். உயிரோடு திரும்பவில்லை. போன இடத்தில் விஷக் காய்ச்சல் என்று உங்கள் வீடுகளில் சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் வெளியே அப்படித்தான் சொன்னார்கள். காய்ச்சல் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். நான் கண்ணால் பார்த்தது எது, பிறகு அத்தை சொல்லித் தெரிந்துகொண்டது எது என்று பிரித்தே சொல்கிறேன். அம்மா இதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

அப்பா ஆண்டு முழுக்கத் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைக் கணக்கு எழுதினார். கோடையில் மட்டும் டூர்காரர். விழுப்புரத்தில் ஒரு முதலாளியிடம் பஸ்ஸை வாடகைக்குப் பேசி, ஓமந்தூர், கெடார் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் டீக்கடைச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டுவார். வேளாங்கண்ணி, தஞ்சாவூர், கொடைக்கானல், மதுரை. தட்டு, டம்ளர், போர்வை கொண்டுவரவும். நேரம் தவறாமை நமது சிறப்பு. அந்தக் கடைசி வரிதான் அவருக்கு முக்கியம். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அவர் ஊதினால் தாமதமாக வந்தவர் யாராக இருந்தாலும் ஓடித்தான் வர வேண்டும். ஒருமுறை ஓமந்தூர் தலையாரியே வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

போட்டிருந்த திட்டத்தில் இல்லாத இடத்தில் பஸ் நிற்பதை அவர் "அனாவசிய ஸ்டாப்" என்பார். ஆண்களுக்கு அதனால் கஷ்டமில்லை. டயர் பார்க்க, டீசல் போட என்று வண்டி எங்கே நின்றாலும் அவர்கள் இறங்கிக் கருவேல மரங்களைப் பார்த்து நின்றுவிட்டு வருவார்கள். அந்த நேரத்தில் பெண்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக எதையாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மண்டியில் அப்பா பெருமையாகச் சொல்வார்: "நம்ம பஸ்ல பொம்பளைங்க நடுவுல நிறுத்துன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. அவ்ளோ ஒழுங்கு." அதை உண்மையாகவே நம்பினார். பெண்கள் கேட்காததற்குக் காரணம், முதல் நாள் மதியத்தோடு அவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவதுதான். தலை வாரிப் பின்னிக்கொள்வதுபோல அதுவும் பயணத்துக்குத் தயாராவதில் ஒன்று. நாளைக்கு பஸ்ஸு, தண்ணி குடிக்காதே. எல்லா வீட்டிலும் அம்மாக்கள் பெண்களுக்குச் சொல்லித் தந்தார்கள். உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார். ஆண்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது தோன்றியதே இல்லை.

அந்தக் கோடையில் அக்கா இளைத்துக்கொண்டே வந்தாள். பரீட்சை முடிந்தபோது அவள் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஊக்கு குத்தி விட்டாள். "வயசுக்கு வரப்போற பொண்ணு, அப்பிடித்தான் இளைக்கும்" என்றாள். அப்பாவின் அக்காவான எங்கள் அத்தை, வெயில்தான் காரணம் என்றாள். படுக்கப் போகுமுன் நிரப்பி வைத்த பானை விடியும்போது பாதியாகி இருக்கும். சொம்பு மண் பானையின் விளிம்பில் உரசும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "பேசாம இவள கொண்டுபோய் ஏரிக்கரையில குடி வெச்சிடலாம்" என்று அப்பா சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்பு வரும்.

அவள் கொடைக்கானலுக்குப் போக ஆசைப்பட்டது ஒரே ஒரு காரணத்துக்காக. அங்கே காலையில் பேசினால் வாயிலிருந்து புகை வரும் என்று புவியியல் டீச்சர் சொல்லியிருந்தார். அக்னி நட்சத்திர வெயிலில் திண்டிவனத்தில் உட்கார்ந்துகொண்டு அதை நம்புவது எளிதாக இல்லை. அவள் கண்ணாடி முன் நின்று "ஹா" என்று ஊதுவாள். கண்ணாடி மங்கும். "இது அங்க காத்துலயே தெரியுமாம்டி" என்பாள். விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் மழைக்காலத்தில் கம்பளி விற்பவர்களிடம் வாங்கிய கத்திரிப்பூ நிற ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுக ஒழுகக் கூடத்தில் நடந்து காட்டுவாள். அந்த ஸ்வெட்டர் பிறகு எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டதில்லை.

பொழுது சாயும் வேளையில் பஸ் கிளம்பியது. சக்கரங்களுக்கு அடியில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொன்னார். இரண்டும் நடந்தால்தான் எங்கள் பஸ் நகரும். விழுப்புரத்தில் கெடார்க்காரர்கள் ஏறினார்கள். அவர்களில் ஒரு அம்மாள், மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறவர், ஒரு மஞ்சள் பை நிறைய வறுத்த மல்லாட்டையோடு எங்களுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தார். முதல் முறையாக ஊர் தாண்டிப் போகிறார். கெடாரம்மா என்று நாங்கள் கூப்பிட ஆரம்பித்தோம்.

"டூர் சாரே, கொடைக்கானலு மேகத்துக்கு மேல கீதாமே. எங்கள இட்டுக்கினு போறது சரி, எறக்கி வுட மறந்துட மாட்டியே?" என்று அப்பாவைக் கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது.

கடலூர் வருமுன்பே அக்கா தண்ணீர் கேட்டாள். அம்மாவின் மடியில் திருகு மூடி போட்ட பித்தளைக் கூஜா இருந்தது. மூடியில் ஒரு வாய் ஊற்றிக் கொடுத்தாள். அக்கா மறுபடி கேட்டாள். அம்மா இன்னொரு வாய் கொடுத்தாள். மூன்றாம் முறை அத்தை குறுக்கே வந்தாள்.

"நேத்து மதியத்துலேர்ந்து நானும்தான் நாக்கு நனைக்கல. நான் செத்தா போயிட்டேன்? பொண்ணுன்னா கொஞ்சம் பொறுக்கணும்."

கொஞ்ச தூரம் போனதும் அக்கா அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா எழுந்து டிரைவரிடம் போகவில்லை. ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்கா கால்களை இறுக்கிக்கொண்டு நெளிந்தாள். கெடாரம்மாதான் அதைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"டிரைவர் தம்பி, வண்டிய ஓரங்கட்டு. பாப்பா எறங்கணும்."

பஸ் நின்றது. அம்மா ஒரு பக்கம் போர்வையைப் பிடிக்க, அத்தை மறுபக்கம் பிடித்தாள். திரும்பி ஏறும்போது அப்பா படியில் நின்றுகொண்டிருந்தார், விசிலைக் கையில் பிடித்தபடி. சற்று நேரத்தில் அக்கா மறுபடி கேட்டாள். மறுபடி நின்றது. மூன்றாவது முறை பின் சீட்டிலிருந்து ஒருவர், "இப்பிடி நின்னு நின்னு போனா மாதா கோயில்ல காலைப் பூசைய விட்டுடுவோம்" என்றார். அப்பா அம்மாவின் சீட் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னதை நான் கேட்டேன்.

"நம்ம பொண்ணாலயே நம்ம பஸ்ஸு லேட்டுன்னா அப்புறம் எவன் மதிப்பான்? பேஜாரா கீது."

அம்மா கூஜாவின் மூடியை இறுக்கித் திருகினாள். சீட்டுக்கு அடியில் தள்ளி, இரண்டு பாதங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். அக்கா அதற்குப் பிறகும் கேட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டினாள். அம்மாவை இரக்கமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் உதடும் வெடித்திருந்தது. தன்னால் முடிந்த ஒன்றைத்தான் மகளிடமும் கேட்கிறோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

வேளாங்கண்ணியில் இறங்கியதும் அக்கா அடிபம்புக்கு ஓடினாள். நான் அடிக்க, அவள் இரண்டு கையையும் குவித்துக் குடித்தாள். முகம், சட்டை எல்லாம் நனைந்தது. நிறுத்தாமல் குடித்தாள். கடற்கரைக்குப் போகும் வழியெல்லாம் கடைகள். தாகத்தில் தவிக்கும் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஓமந்தூர்க்காரர் ஒருவர் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். கெடாரம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். "குடிக்கட்டும் வுடும்மா, வயசுப் புள்ள" என்று அம்மாவைக் கடிந்துகொண்டார். அப்பாவே கரும்புச்சாறு வாங்கி வந்தார். அந்தப் பயணத்தில் அக்காமேல் இரக்கப்பட்டவர்கள் எல்லோரும் இனிப்பாகவே வாங்கிக் கொடுத்தார்கள்.

தஞ்சாவூரில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். பின்பக்கம் சுவர் மறைவில் பெண்கள் ஒதுங்கும் இடம். காலையில் அங்கே போன கெடாரம்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏ பாப்பா, நீ போன எடத்துல எறும்பு மொய்ச்சிக்கினு கீது. ரோஸ்மில்க்க அப்பிடியே எறக்கிட்டியா?"

அங்கே இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா வெட்கப்பட்டு என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எறும்பு மொய்த்தால் சர்க்கரை வியாதி என்று அந்தப் பெண்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மாமனாருக்கோ பெரியப்பாவுக்கோ அப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் அது வயதானவர்களுக்கு வருவது, நன்றாகச் சாப்பிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருவது. பாவாடைக்கு ஊக்கு குத்தியிருக்கும் ஒரு பெண்ணோடு அதைச் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மலை ஏறும்போது பஸ்ஸில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே ஒரு தலை. எலுமிச்சம்பழம் கை மாறிக் கை மாறிப் போனது. அக்காவும் வாந்தி எடுத்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் மடியில் சுருண்டாள்.

"மல ஏறினா அப்பிடித்தான்" என்றாள் அத்தை.

மேலே போனதும் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்தவள்போல ஆழமாக இழுத்து இழுத்து விட்டாள். மேலே காற்று குறைவு, பழகினால் சரியாகிவிடும் என்று டிரைவர் சொன்னார். அவர் பல முறை வந்தவர். அவள் வாயில் பழ வாசனை அடித்தது. அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "வழியில விக்கிற பழத்த எல்லாம் தின்னியாடி? அதான் வவுறு வலிக்குது" என்றாள். அவள் எதையும் தின்னவில்லை. அவள் பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியும். சொன்னேன். "நீ சும்மா இரு" என்றார்கள்.

இப்போது யோசித்தால் எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. வீட்டில் இருந்திருந்தால் அந்த வாந்திக்கும் மூச்சுக்கும் யாராவது பயந்திருப்பார்கள். திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடமாவது காட்டியிருப்பார்கள். பயணத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையோடு இருந்தது. வாந்திக்கு வளைவு, மூச்சுக்கு மலை, வலிக்குப் பழம், அசதிக்குத் தூக்கமின்மை. எல்லாம் ஊர் திரும்பினால் சரியாகிவிடக் கூடியவை.

மறுநாள் காலை ஏரிக்கரைக்குப் போனோம். அக்கா வரமாட்டாள், அறையிலேயே படுத்திருக்கட்டும் என்று அம்மா சொன்னாள். அக்கா எழுந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். உள்ளே உடம்பு இருப்பதே தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பனி ஏரியின்மேல் படுத்திருந்தது. கரைக் கம்பியில் சாய்ந்து நின்றோம். நான் முதலில் ஊதினேன். வந்தது. கொஞ்சூண்டு, வெள்ளையாக, உடனே கலைந்துவிட்டது.

அக்கா மூச்சு விட்டாள். ஊதக்கூட இல்லை. சும்மா மூச்சுதான் விட்டாள். பெரிதாக, நீளமாக, சமையலறையில் குக்கர் விடுவதுபோல ஒரு புகை அவள் வாயிலிருந்து கிளம்பி ஏரிப் பக்கம் போனது. அது கலையுமுன் அடுத்தது. அதற்கடுத்தது.

"பாரு" என்றாள். பேச அவளுக்கு மூச்சு போதவில்லை. "என்னுது... எவ்ளோ தூரம் போவுது பாரு."

"நீ வேகமா விடற. இது கள்ளாட்டம்."

"நான் ஒண்ணும் பண்ணல. அதுவா வருது."

அப்பா பார்த்துவிட்டார். அவருக்கு ஒரே சந்தோஷம். பெண் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தார். "இங்க பாருங்க, எம்பொண்ணு ரயில் இஞ்சின் மாதிரி விடறா" என்று எல்லோரையும் கூப்பிட்டார். கெடாரம்மா கை தட்டினார். தானும் ஊதிப் பார்த்து, "எனக்கு வெத்தல வாசனதான் வருது, பொகையக் காணோம்" என்றார். ஏரிக்கரையில் படம் எடுத்துக் கொடுக்கும் ஒருவர் எங்கள் இருவரையும் கம்பியோரம் நிற்க வைத்து எடுத்தார். மதியம் வந்து வாங்கிக்கொள்வதாக அப்பா சொன்னார். வாங்கவில்லை. அந்தப் படம் அந்தக் கடைக் கண்ணாடியில் சில நாள் இருந்திருக்கும். அப்புறம் வேறு யாருடைய படமோ அந்த இடத்துக்கு வந்திருக்கும்.

அப்படி மூச்சு விடுவது அந்த நோய் முற்றியதன் அடையாளம் என்று பல ஆண்டு கழித்துப் படித்தேன். உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற கடைசி வேலை அது. அன்று எங்களுக்குள் நடந்த போட்டியில் அக்கா ஜெயித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை அந்தக் கோடையில் நான் வேறு எங்கேயும் பார்க்கவில்லை.

மலை இறங்கும்போது அவள் தூங்கினாள். கீழே சாப்பாட்டுக்கு பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். "தூங்கட்டும், எழுப்பாதே" என்றாள் அத்தை. கெடாரம்மா மட்டும் போகிற போக்கில் அக்காவின் கன்னத்தைத் தொட்டார். பிறகு கண் இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். பஸ் படியில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"சாரே. பொண்ணு தூங்கல."

அங்கிருந்து மதுரை பெரியாஸ்பத்திரி வரை பஸ் எங்கேயும் நிற்கவில்லை. "ஜல்தி, ஜல்தி" என்று அப்பா டிரைவரின் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டே வந்தார். விசில் அவர் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

இளம் வயது டாக்டரம்மா ஒருவர் அக்காவின் வாய்க்கு அருகே குனிந்து முகர்ந்தார். உடனே நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். எங்களை வராந்தாவுக்கு அனுப்பவில்லை. கதவருகிலேயே நின்றோம். இது நான் நேரில் கேட்டது.

"ரொம்பத் தண்ணி கேட்டாளா?"

"கேட்டுக்கினே இருந்தா டாக்டரம்மா" என்றாள் அம்மா. பிறகு அவசரமாக, சரியான பதில் தெரிந்த பிள்ளை சொல்வதுபோலச் சொன்னாள்: "ஆனா நாங்க குடுக்கல. ஒரு வாய்க்கு மேல குடுக்கவே இல்ல."

டாக்டரம்மா அம்மாவையே பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

அப்பா கேட்டார்: "ஏன் குடுக்கல?"

"பஸ்ஸு நிக்காதேங்க."

"கேட்டா நிறுத்த மாட்டனா நானு?"

அத்தைதான் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"எந்தப் பொம்பள வந்து கேப்பா தம்பி? உன் பஸ்ல நாங்க யாருமே தண்ணி குடிக்கறதில்ல. எப்பவுமே குடிச்சதில்ல."

வராந்தாவில் பஸ்ஸில் வந்த பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா திரும்பி அவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பலரும் வருஷா வருஷம் வருகிறவர்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏதோ தாங்கள் தவறு செய்துவிட்டதுபோல.

மறுநாள் விடியும்போது அக்கா இறந்துபோனாள். கணையத்தில் சுரக்க வேண்டியது சுரக்காமல் போகும் நோய், பிள்ளைகளுக்கும் வரும், இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் ஊசி போட்டுப் பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டரம்மா அப்பாவிடம் சொன்னதாக அத்தை பிறகு என்னிடம் சொன்னாள். "இனிப்பு நெறைய தின்னதாலயா?" என்று அப்பா கேட்டாராம். அதனால் வருவதில்லை என்றாராம் டாக்டரம்மா. ஒன்றை மட்டும் சரியாகச் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் கொடுத்திருந்தாலும் அதனால் மட்டும் அவள் பிழைத்திருக்க மாட்டாள். ஆனால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று எங்களுக்குச் சொல்ல அந்த நோய்க்கு வேறு வழி இருக்கவில்லை. தாகத்தைத்தான் அனுப்பியது. நாங்கள் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னோம்.

மதுரையில் கோயில் பார்க்க வேண்டியவர்கள் யாரும் பார்க்கவில்லை. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பஸ் முன்னால் ஊர் திரும்பியது. கெடாரம்மா ஏறும்போது மிச்சமிருந்த மல்லாட்டையை அப்படியே என் மடியில் கொட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அப்பா எந்தக் கோடையிலும் பஸ் எடுக்கவில்லை. மண்டியோடு சரி.

நாங்கள் ஒரு வேனில் வந்தோம். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு அக்காவைப் போர்வையில் சுற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா தலைமாட்டில், அத்தை கால்மாட்டில், நான் அம்மாவை ஒட்டி. அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில். டிரைவர் மதுரைக்காரர். நல்ல வெயில்.

மேலூர் தாண்டியதும் அப்பா, "கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார்.

"அண்ணே, இந்த மாதிரி வண்டிய நடுவுல நிப்பாட்டக் கூடாதுண்ணே. நேரா வீட்டுக்குத்தான் போகணும்."

"நிறுத்து."

வேன் நின்றது. அப்பா இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "போகணும்னா போயிட்டு வாங்க" என்றார். பிறகு சாலையில் வெகுதூரம் நடந்து போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். யாரும் இறங்கவில்லை. அத்தை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

துவரங்குறிச்சியில் நிறுத்தச் சொன்னார். திருச்சியில் சொன்னார். டிரைவர் அதன் பிறகு அப்பா கையைத் தூக்கினாலே ஓரங்கட்டினார். பெரம்பலூருக்கு முன்னால் ஒன்றுமே இல்லாத பொட்டலில் ஒரு முறை. ஒவ்வொரு முறையும் கதவு திறக்கும், வெயில் அக்காவின்மேல் விழும், அப்பா தள்ளிப் போய் நிற்பார், யாரும் இறங்க மாட்டோம். உளுந்தூர்பேட்டையில் அத்தை கெஞ்சினாள்: "போதும் தம்பி. பொண்ண ஊட்டுக்கு இட்டுக்கினு போலாம்."

விழுப்புரத்தில் ஒரு ஓட்டல் வாசலில் நிறுத்தச் சொன்னார். இந்த முறை அவர் தள்ளிப் போய் நிற்கவில்லை. உள்ளே போய் ஒரு ஜக்கிலும் டம்ளரிலும் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தார். டம்ளரை நிரப்பி அம்மாவிடம் நீட்டினார். அம்மா அக்காவின் தலையிலிருந்து ஒரு கையை எடுத்து அதை வாங்கினாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள்.

குடித்தேன். எனக்கு எவ்வளவு தாகம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா மறுபடி நிரப்பினார். அம்மா அதையும் வாங்கி என்னிடமே கொடுத்தாள். குடித்தேன். மூன்றாவது டம்ளரில் வயிறு முட்டிக்கொண்டது. பாதியில் நிறுத்தி, "போதும்மா" என்றேன்.

"குடி" என்றாள்.

அப்பா ஜக்கைச் சாய்த்து அந்தப் பாதியையும் நிரப்பினார்.